அந்த 50 நிமிடங்களில் என்ன நடக்கும்? தெரபிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

தெரபிக்கு நேரம் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் பலருக்குப் பிரச்சினையைவிட அந்த அறையை நினைத்துத்தான் பயம் அதிகம். எங்கே உட்காருவது, எதிலிருந்து ஆரம்பிப்பது, அழுகை வந்துவிட்டால் என்ன செய்வது, வாயே திறக்க வராவிட்டால் எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே நடப்பது எதுவும் மர்மம் இல்லை. படிப்படியாகச் சொல்லிவிடலாம்.

முதலில் பெயர்க் குழப்பம். ‘பேச்சு சிகிச்சை’ என்று தேடினால் திக்கிப் பேசுபவர்களுக்கும், பக்கவாதத்தால் பேச்சு தடைபட்டவர்களுக்கும் தரப்படும் பயிற்சிதான் பெரும்பாலும் வந்து நிற்கும். அது வேறு துறை. இங்கே பேசுவது கவுன்சலிங், தெரபி, உளவியல் சிகிச்சை, உளவளத்துணை என்றெல்லாம் சொல்கிறோமே, அதைப் பற்றி. அதிலும் குழுவாகவோ தம்பதியாகவோ போவதைப் பற்றி அல்லாமல், ஒருவர் மட்டும் ஒரு தெரபிஸ்டைத் தொடர்ந்து சந்திப்பதைப் பற்றி.

1880க்கும் 1882க்கும் இடையில் வியன்னாவில் மருத்துவர் யோசெஃப் பிராயரிடம் சிகிச்சை பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண், மனத்தில் கிடப்பதைச் சொல்லச் சொல்லத் தன் உபாதைகள் தணிவதைக் கவனித்தார். அதற்குப் பேச்சு வைத்தியம் என்று பெயர் வைத்தவர் அவர்தான். விளையாட்டாக, புகைபோக்கி துடைப்பது என்றும் சொல்வார். மருத்துவ வரலாற்றில் அவரை அன்னா ஓ. என்ற புனைபெயரில் குறிப்பிடுவார்கள். மனத்தில் இருப்பதைக் கொட்டித் தீர்த்தால் போதும் என்று இன்றும் பலர் நினைப்பதற்கு அந்தப் படிமம்தான் வேர் என்று தோன்றுகிறது. கொட்டுவது ஆறுதல் தரும், சந்தேகமில்லை. ஆனால் புகைபோக்கியைத் துடைத்த கையோடு அடுப்பு ஏன் இப்படிப் புகைகிறது என்றும் பார்க்க வேண்டும். தெரபியின் பெரும்பகுதி நேரம் அந்த இரண்டாவது வேலைக்குத்தான் போகிறது.

நண்பரிடம் பேசுவதற்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நண்பர் உங்கள் பக்கம் நிற்பார், அறிவுரை சொல்வார், “எனக்கும் இப்படித்தான்” என்று தன் கதையை ஆரம்பிப்பார். அதில் தவறேதும் இல்லை. தெரபிஸ்டுக்கோ உங்கள் முடிவுகளால் லாபமோ நஷ்டமோ கிடையாது. அந்த நேரம் முழுக்க உங்களுக்கானது, அவர் கதையைக் கேட்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. அதனால்தான் வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொல்ல முடிகிறது.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். சிலர் தெரபியும் செய்வார்கள், பலருக்கு அதற்கு நேரம் இருக்காது. மருத்துவ உளவியலாளர் உளவியலில் மேற்படிப்பும், நோயாளிகளுடன் நேரடிப் பயிற்சியும் பெற்றவர். கவுன்சலர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரும் தெரபி தருகிறார்கள். யார் எந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்ற சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ‘கவுன்சலர்’ என்ற பெயரைப் பல இடங்களில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் பலகையில் உள்ள பெயரை நம்பாமல் கேட்டுவிடுங்கள்: என்ன படித்திருக்கிறார், எங்கே பதிவு செய்திருக்கிறார், உங்களுக்கு இருப்பது போன்ற பிரச்சினையோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை தந்திருக்கிறாரா, சிக்கலான நேரத்தில் தன் வேலையை மூத்தவர் யாரிடமாவது கலந்து பேசுகிறாரா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அனுபவமுள்ளவர்கள்கூட மூத்தவரின் மேற்பார்வையில் தங்கள் வேலையை அலசிப்பார்ப்பது இந்தத் தொழிலின் நல்ல வழக்கம். தகுதியுள்ளவர் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

நேரம் வாங்கும்போதே கட்டணம், ஒரு அமர்வு எத்தனை நிமிடம், ரத்து செய்வதானால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம் என்று வைத்திருப்பார்கள்; அதற்குப் பிறகு ரத்து செய்தால் முழுக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. அமர்வு 45 முதல் 60 நிமிடம் வரை; 50 நிமிடம்தான் அதிகம் காணப்படும் அளவு. மீதிப் பத்து நிமிடத்தில் அவர் குறிப்பு எழுதி, அடுத்தவருக்குத் தயாராக வேண்டும்.

கையில் ஒரு தாள் எடுத்துப் போகலாம். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், உடல் நோய்கள், முன்பு எடுத்த சிகிச்சைகள், அதில் எது உதவியது, எது உதவவில்லை, இவ்வளவு போதும். உடல் விவரத்தை விட்டுவிடாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு போலவே சோர்வும் மந்தமும் வரும். தைராய்டு அதிகமானாலும், காபி அளவு மீறினாலும் படபடப்பு வரும். பல மாதம் தெரபிக்குப் போய்ப் பேசிய பிறகு ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிவதைவிட முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

முதல் அமர்வு

முதலில் படிவங்கள். ஒப்புதல் படிவத்தில் கட்டணம், ரகசியம், பதிவேடு பற்றி இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சில இடங்களில் கேள்வித்தாளும் தருவார்கள். உலகம் முழுக்கப் புழங்குவது பிஎச்க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தது, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று நன்றாக ஆராய்வார்கள். அது தேர்வு அல்ல, நோயின் பெயரை முடிவு செய்யும் கருவியும் அல்ல. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது போன்றது. சில வாரம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பும்போதுதான் அதன் அருமை தெரியும்.

அதில் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. உண்மையை எழுதினால் உடனே மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள், வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து பலர் இதில் பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் அந்தப் பயம் குறையும். அப்படி எண்ணம் வருகிறது என்று சொன்னால் தெரபிஸ்ட் மேலும் கேட்பார்: எத்தனை தடவை வருகிறது, எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா, அதற்கான பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா, எது உங்களைத் தடுத்து நிறுத்துகிறது. எண்ணம் வந்து போகிற நிலையில் இருப்பவரோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவார்கள்: எண்ணம் வலுக்கும்போது என்ன செய்வது, யாரை அழைப்பது, எந்தப் பொருளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது என்று. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் மட்டுமே வேறொருவரை உள்ளே இழுப்பார்கள். முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே செய்வார்கள்.

ரகசியத்துக்கு உள்ள விலக்குகளும் ஏறக்குறைய இதே வகைதான். உங்கள் உயிருக்கு ஆபத்து, குறிப்பிட்ட இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்ற தகவல், நீதிமன்ற ஆணை ஆகிய நேரங்களில் பல நாடுகளில் ரகசியத்தைத் தளர்த்தச் சட்டம் இடம் தருகிறது. 1976இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் டாரசாஃப் வழக்கில், ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. வேறு பல இடங்களின் விதிகளிலும் அதன் சாயல் விழுந்தது. உங்கள் ஊரில் எப்படி என்பதை முதல் நாளே கேளுங்கள். இவை போக மற்றதெல்லாம் அந்த அறையோடு சரி. உங்கள் வீட்டிலிருந்து யாராவது அழைத்து விசாரித்தால், நீங்கள் அங்கே வருகிறீர்கள் என்பதைக்கூட நல்ல தெரபிஸ்ட் ஒப்புக்கொள்ள மாட்டார். வெளியில் எதிர்ப்பட்டால், நீங்கள் சிரிக்காதவரை அவரும் சிரிக்க மாட்டார். அது அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு கேள்விகள். என்ன கஷ்டம், எப்போதிலிருந்து, தூக்கம், பசி, வேலை, குடும்பம், குடி அல்லது போதைப்பழக்கம், குழந்தைப்பருவம். கேள்விகள் போகும் திசையைக் கவனித்தால் இந்தத் தொழிலின் நுணுக்கம் புரியும். இப்படிப் போகும் ஒரு பேச்சை எண்ணிப் பாருங்கள்:

“எப்பவுமே ஒரு பயமாவே இருக்கு மேடம்.”

“கடைசியா எப்போ வந்தது?”

“நேத்து ராத்திரி.”

“மணி எத்தனை இருக்கும்? அப்போ என்ன செஞ்சிட்டிருந்தீங்க?”

“பதினோரு மணி. படுத்துட்டு போனைப் பார்த்துட்டிருந்தேன். ஆபீஸ் மெயில் ஒண்ணு வந்துச்சு.”

“அதைத் திறந்து பார்த்தீங்களா?”

“இல்ல. திறக்கவே இல்ல. காலைல வரைக்கும் தூங்கல.”

‘எப்பவுமே’ என்று ஆரம்பித்தது, ஒரு ராத்திரி, ஒரு மணி, திறக்காத ஒரு மெயில் என்று வந்து நிற்கிறது. ‘எப்பவும்’ என்பதற்கு வைத்தியம் பார்க்க முடியாது. திறக்காத மெயிலுக்குப் பார்க்கலாம். அதனால்தான் தெரபிஸ்ட் திரும்பத் திரும்ப ஒரு உதாரணம் கேட்கிறார். நீங்கள் சொல்வதை நம்பாமல் துருவுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. “இதைப் பத்தி இன்னொரு நாள் பேசுறேன்” என்று சொன்னால் போதும். அழுதால் அழலாம், மேசைமேல் டிஷ்யூ பெட்டி இருப்பது அதற்குத்தான். பேச்சு நின்றுபோனாலும் பரவாயில்லை. தெரபிஸ்ட் வேண்டுமென்றே சில வினாடி பேசாமல் இருப்பார்; அந்த மௌனத்தில்தான் பலருக்கு அடுத்த வாக்கியம் வருகிறது.

முதல் அமர்வு முடிந்து வெளியே வரும்போது ‘கேள்வி கேட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லையே’ என்று தோன்றும். நியாயமான உணர்வுதான். முதல் ஒன்று முதல் மூன்று அமர்வுகள் விவரம் சேர்ப்பதற்கே போய்விடும். அதன் முடிவில் அவர் உங்கள் பிரச்சினையைத் தான் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும்: எதனால் ஆரம்பித்தது, எது அதை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது, எங்கிருந்து தொடங்கலாம். சொல்லாவிட்டால் கேளுங்கள். அந்த விளக்கம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். உங்கள் திருத்தம் இல்லாமல் அது பாதி வரைபடம்தான்.

நடுவில் நடக்கும் வேலை

தெரபியில் பல முறைகள் உண்டு. மனநல மருத்துவர் ஏரன் பெக் 1960களில் உருவாக்கியதிலிருந்து வளர்ந்த சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை), எண்ணத்துக்கும் செயலுக்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பிடித்து வேலை செய்யும். உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் வழியில் வருபவர்கள் வழிகாட்டுவதைக் குறைத்து, உங்களை மதிப்பிடாமல் ஊன்றிக் கேட்பதையே சிகிச்சையாக வைப்பார்கள். பிராய்டின் வழியிலிருந்து கிளைத்த மனவியக்க முறையில், பழைய உறவுகளின் அச்சு இன்றைய உறவுகளில் எப்படித் திரும்பத் திரும்ப விழுகிறது என்று பார்ப்பார்கள். எந்த முறை உயர்ந்தது என்று அடித்துக்கொள்வதைவிட ஒன்றைக் கவனிப்பது நல்லது. உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சொன்ன மூன்று விஷயங்களில் இருவருக்கும் ஒத்துப்போக வேண்டும்: எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன வேலை செய்கிறோம், நம்மிடையே நம்பிக்கை இருக்கிறதா. இந்தக் கூட்டு எந்த அளவுக்கு வலுவாக இருக்கிறதோ அந்த அளவுக்குப் பலனும் இருப்பதை எல்லா முறைகளிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஓசிடி (விடாமல் துரத்தும் எண்ணங்களும், திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் செயல்களும்), பேனிக் அட்டாக் எனும் திடீர் பீதி, குறிப்பிட்ட பொருள்மேல் பயம் போன்றவற்றுக்கு, பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி சேர்ந்த சிபிடிக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அந்தப் பிரச்சினைகளோடு போகிறவர்கள் அந்தப் பயிற்சி பெற்றவரைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு சிபிடி தாள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். மேலதிகாரி “நாளைக்குப் பேசணும்” என்று மெசேஜ் அனுப்புகிறார். தாளில் ஏழு கட்டங்கள். என்ன நடந்தது: மெசேஜ் வந்தது, மாலை 6 மணி. என்ன உணர்ச்சி: பயம், 100க்கு 85. மனத்தில் ஓடியது: ‘என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்’. அதற்கு ஆதாரம்: போன வாரம் அறிக்கை தாமதமானது. எதிரான ஆதாரம்: அதே நாள் இன்னும் இரண்டு பேருக்கும் அதே மெசேஜ், போன மாதம் இதேபோல் கூப்பிட்டது விடுப்பு அட்டவணைக்காக. மாற்றுப் பார்வை: ‘தாமதம் பற்றிக் கேட்கலாம், வேறு விஷயமாகவும் இருக்கலாம், கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்கிறது’. இப்போது பயம்: 50.

பயம் பூஜ்யம் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவும் வேண்டாம், தூங்கும் அளவுக்கு இறங்கினால் போதும். இந்தத் தாளில் வழக்கமாக நேரும் தவறு மூன்று. எண்ணத்துக்கான கட்டத்தில் ‘பயமா இருந்தது’ என்று உணர்ச்சியை எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் ஆதாரம் பார்க்க எதுவும் கிடைக்காது. மாற்றுப் பார்வையில் ‘எல்லாம் நல்லபடியாகவே நடக்கும்’ என்று எழுதுவது. மனம் அதை ஒரு நொடிகூட நம்பாது. அடுத்தது, வாரம் முழுக்க விட்டுவிட்டு அமர்வுக்கு முந்தின ராத்திரி நினைவிலிருந்து நிரப்புவது. அதற்குள் உண்மையில் ஓடிய எண்ணம் மறந்து, நாகரிகமான எண்ணம் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும்.

எதிர்கொள்ளும் பயிற்சி இன்னொரு விதம். லிஃப்டில் ஏறப் பயப்படுபவரோடு தெரபிஸ்ட் ஓர் ஏணி போடுவார், ஒவ்வொரு படிக்கும் பயத்துக்கு 0 முதல் 100 வரை எண். லிஃப்ட் முன்னால் நிற்பது 20. கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது 40. கூட ஒருவரோடு ஒரு மாடி 55. தனியாக ஒரு மாடி 70. நெரிசலில் பத்து மாடி 95. தொடங்குவது 20, 40 என்ற இடத்தில். ஒவ்வொரு படிக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என எழுதச் சொல்வார்: ‘லிஃப்ட் நின்றுவிடும், மூச்சு முட்டி மயங்கி விழுவேன், 80 சதவீதம் நம்புகிறேன்’. முடிந்த பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று அதன் கீழேயே எழுத வேண்டும். ஒரே படியை வாரத்தில் பல தடவை செய்தால்தான் பிடிக்கும்.

இது எங்கே கெட்டுப்போகும் என்றால், பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் வெளியே ஓடுவதில். அப்போது மூளை கற்றுக்கொள்ளும் பாடம் ‘ஓடியதால் தப்பித்தேன்’ என்பதுதான். அடுத்த தடவை பயம் கூடும். இன்னொரு இடம் மறைமுகமான காப்புகள்: தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொள்வது, கைப்பிடியை விடாமலிருப்பது, போனில் யாரோடாவது பேசிக்கொண்டே போவது. பத்து மாடி ஏறியும் ‘பாட்டில் இருந்ததால் பிழைத்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிவிடும். இந்தக் காப்புகள் வெளியில் தெரியாது. நீங்கள்தான் தெரபிஸ்டிடம் சொல்ல வேண்டும். பீதி வரும்போது ரத்த அழுத்தம் பெரும்பாலும் ஏறும், அதனால் மயங்கி விழுவது அரிது என்பதும் தெரிந்திருக்கட்டும். ரத்தம், ஊசி கண்டு பயப்படுபவர்களில் பலருக்கு மட்டும் அழுத்தம் சட்டென்று இறங்கும். அவர்களுக்குக் கை, கால், வயிற்றுத் தசைகளை 10, 15 வினாடி இறுக்கி, 20, 30 வினாடி தளர்த்தி, இப்படி ஐந்து சுற்று செய்யும் தனிப் பயிற்சி தருவார்கள்.

வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் அமர்வையே ரத்து செய்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். செய்யாமல் போனதற்குக் காரணம் இருக்கும்: வேலை புரியவில்லை, படி பெரிதாக இருந்தது, செய்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அந்தக் காரணம்தான் அன்றைய அமர்வுக்கான சரக்கு.

நேரப் பங்கீடு பற்றியும் ஒரு வார்த்தை. முதல் சில நிமிடம் வாரம் எப்படிப் போனது, இன்று எதைப் பேசலாம் என்று முடிவு செய்ய. நடுவில் முப்பது, முப்பத்தைந்து நிமிடம் உண்மையான வேலை. கடைசிச் சில நிமிடம் வீட்டுப்பாடத்துக்கும் அடுத்த நேரத்துக்கும். பலர் மிக முக்கியமான விஷயத்தை எழுந்து கதவுப்பக்கம் போகும்போது சொல்வார்கள்: “இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்...” மறதி இல்லை, பயம். தெரபிஸ்டுகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் இரண்டு நிமிடத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வாயில் வராததை ஒரு துண்டுத்தாளில் எழுதி, உட்கார்ந்தவுடன் நீட்டிவிடுங்கள்.

மோசமாகத் தோன்றும் நாட்கள்

சில அமர்வுகளுக்குப் பிறகு போனதைவிட மோசமாகத் திரும்புவீர்கள். பல வருடம் மூடி வைத்ததைத் திறந்தால் அன்று மாலை தலைவலி, சோர்வு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரும். அமர்வு முடிந்த கையோடு முக்கியமான கூட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரமாவது காலியாக இருக்கட்டும். இந்தக் கனம் ஓரிரு நாளில் இறங்குவதுதான் வழக்கம். வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால், தூக்கமும் வேலையும் தொடர்ந்து கெட்டால், வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். தெரபியிலும் பக்கவிளைவு உண்டு. சிகிச்சைக் காலத்தில் 5 முதல் 10 சதவீதம் பேரின் நிலை மோசமாவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதை மறைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

எத்தனை அமர்வு தேவைப்படும்? உளவியல் ஆய்வாளர் கென்னத் ஹோவர்டும் உடனிருந்தவர்களும் 1986இல் வெளியிட்ட கணக்கில், எட்டாவது அமர்வுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 26ஆவது அமர்வுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. மனச்சோர்வுக்கான சிபிடி பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வு. தூக்கமின்மைக்கான சிபிடி ஆறு முதல் எட்டு. சிறுவயதிலேயே தொடங்கிய காயங்களுக்கு ஒரு வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். வாரம் ஒருமுறை போவதுதான் ஆரம்பத்தில் நல்லது. மாதம் ஒருமுறை என்றால் ஒவ்வொரு தடவையும் நடந்த கதையைச் சொல்வதிலேயே நேரம் தீர்ந்துவிடும். நான்காவது அல்லது ஆறாவது அமர்வில் “ஆரம்பித்ததற்கு இப்போது எப்படி இருக்கிறது?” என்று இருவரும் நிறுத்திப் பார்ப்பது அவசியம்.

சரிப்படவில்லை என்று தோன்றினால்

தெரபிக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதியிலேயே நின்றுவிடுகிறார். அவர்களில் பலர் காரணத்தைச் சொல்வதில்லை. அடுத்த நேரத்துக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள், படித்தவர்கள் முன்னால் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். ஆனால் இந்தச் சிகிச்சையில் மற்ற எதைவிடவும் அதிகம் கெடுப்பது, தெரபிஸ்டைப் பற்றி மனத்தில் தோன்றியதைத் தெரபிஸ்டிடமே சொல்லாமல் விழுங்குவதுதான். அவருக்கு ரத்தப் பரிசோதனை அறிக்கை கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. உங்கள் வாய்ச்சொல் ஒன்றுதான் அவரிடம் உள்ள அளவுகோல்.

எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால், இந்த மாதிரி வாக்கியங்கள் போதும்: “போன வாரம் நீங்க சொன்னது என்னைக் காயப்படுத்திடுச்சு.” “நான் நிறைய பேசுறேன், ஆனா எங்கே போறோம்னு தெரியல.” “நீங்க சீக்கிரமா தீர்வுக்குப் போயிடுறீங்க, எனக்கு இன்னும் பேச வேண்டியிருக்கு.” திறமையானவர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்வார். என்ன நடந்தது என்று விசாரிப்பார், தன் பக்கத் தவறை ஒப்புக்கொள்வார், முறையை மாற்றுவார். முறிந்த இடத்தை இப்படிச் சேர்ந்து சரிசெய்யும் அனுபவமே சிலருக்குச் சிகிச்சையின் திருப்புமுனையாகிறது. மனத்தாங்கலைச் சொன்ன பிறகும் ஒரு உறவு உடையாமல் இருக்கும் என்பதை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல்முறையாக இருக்கும். நேர்மாறாக, அவர் கோபப்பட்டாலோ பழியை உங்கள்மேலேயே திருப்பினாலோ வேறு ஆளைத் தேடுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம். இரண்டு, மூன்று அமர்வுக்குப் பிறகு மாறுவது சாதாரண விஷயம்.

பேசிப் பார்க்காமலேயே வெளியேற வேண்டிய சூழ்நிலைகளும் உண்டு. காதல் அல்லது பாலியல் நெருக்கம் எந்த நிலையிலும், உங்கள் சம்மதம் இருந்தாலும்கூட, தொழில்நெறி மீறல். அதைப் பதிவு அமைப்பிடம் புகார் செய்யலாம். மற்ற நோயாளிகளின் கதையை அடையாளம் தெரியும்படி உங்களிடம் சொல்பவர் உங்கள் கதையையும் இன்னொருவரிடம் சொல்வார். உங்களோடு வியாபாரம் செய்ய முனைவது, தன் மத நம்பிக்கையைத் திணிப்பது, இத்தனை நாளில் குணமாக்குகிறேன் என்று உறுதி தருவது, மருத்துவர் எழுதிய மாத்திரையை அவரைக் கேட்காமலே நிறுத்தச் சொல்வது எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும்.

பேச்சு மட்டும் போதாத நிலைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாத குரல்கள் கேட்பது, நாட்கணக்கில் தூங்காமல் தலைகால் புரியாத உற்சாகத்தில் இருப்பது, எழுந்து உட்காரவும் முடியாத கடும் சோர்வு ஆகியவற்றுக்கு மனநல மருத்துவரை முதலில் பார்க்க வேண்டும். நீண்ட நாள் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அது மருத்துவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் வலுத்துவிட்டால் அடுத்த வார அமர்வுக்குக் காத்திருக்காமல் அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ அணுகுங்கள். மருந்தும் தெரபியும் ஒன்றுக்கொன்று போட்டி கிடையாது. கடுமையான மனச்சோர்வில் இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுகிறது.

வீடியோவில் தெரபி எடுப்பவர்களுக்குச் சிறு குறிப்பு. பல பிரச்சினைகளுக்கு அது நேரில் போவதற்கு ஈடாகவே வேலை செய்கிறது. கெடுவது பெரும்பாலும் அறையால்தான்: அடுத்த அறையில் ஆள் இருந்தால் தன்னை அறியாமலே பாதியை விழுங்கிவிடுவீர்கள். ஹெட்போன், பூட்டிய கதவு, போனில் மற்ற அறிவிப்புகள் அணைந்திருப்பது, இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்ற முன்னேற்பாடு இவை வேண்டும். அன்று நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டால் வியக்க வேண்டாம். அவசரம் என்றால் உதவியை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிறுத்துவது எப்போது

ஆரம்பத்தில் எழுதிய இலக்குகளில் பெரும்பகுதி கைகூடி, சறுக்கல் வந்தாலும் நீங்களே சமாளிக்கும் நிலை வந்தால் நிறுத்துவதைப் பற்றிப் பேச்செடுக்கலாம். ஒரே நாளில் வெட்டாமல் வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று நீட்டிப் பார்ப்பார்கள். கடைசி இரண்டு, மூன்று அமர்வு முடிப்பதற்காகவே ஒதுக்கப்படும். அப்போது பழைய அறிகுறிகள் திடீரென்று எட்டிப்பார்ப்பதும், வருத்தம் வருவதும் உண்டு. அதையும் அங்கேயே பேசுங்கள்.

கடைசி அமர்வில் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே, உங்களுக்குச் சறுக்கல் தொடங்குவதன் அடையாளங்கள், உங்கள் சொற்களிலேயே: ‘மூன்று நாள் போனை எடுக்காமல் இருப்பேன்’, ‘மெயிலைத் திறக்காமல் தள்ளிப்போடுவேன்’. நடுவில், இதுவரை உதவிய இரண்டு, மூன்று பயிற்சிகள். கீழே, எத்தனை நாள் இப்படியே நீடித்தால் மறுபடி நேரம் வாங்க வேண்டும் என்ற எண். ஆறு மாதம் கழித்தோ இரண்டு வருடம் கழித்தோ திரும்பப் போக நேர்ந்தால் அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். கதையை முதலிலிருந்து சொல்லாமல், அதில் எந்தப் பயிற்சி எப்போது நின்றுபோனது என்ற இடத்திலிருந்தே பேச்சை ஆரம்பித்துவிடலாம்.